அம்மாவின் முந்தானை எட்டாத நேரம்

மேட்டூரில் ஜூன் 12 அன்று தண்ணீர் திறந்தால், அது கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, வாய்க்கால் வாய்க்காலாக இறங்கி, திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே எங்கள் கடைமடை ஊரைத் தொட நாள்கணக்கில் ஆகும். நுரையும் சருகுமாக முதல் தண்ணீர் தலைகாட்டும் அன்று பெரியவர்கள் நெல்லும் பூவும் தூவிக் கும்பிடுவார்கள். எங்கள் அப்பாயி கும்பிட்ட கையை இறக்கும் முன்பே அம்மா பக்கம் திரும்பிவிடுவார். "தண்ணி வந்துட்டு. புள்ளைய பாத்துக்க."

சரி, யார் பார்த்துக்கொள்வது? தண்ணீர் வந்தால்தான் நாற்றங்கால், அப்புறம் நாற்றுப் பறி, நடவு. வாய்க்கால் கரை தொட்டு ஓடும் மாதங்களும் அம்மா சேற்றில் குனிந்து நிற்கும் மாதங்களும் ஒன்றுதான். கைக்குழந்தை என்றால் வரப்போரப் பூவரசில் பழைய சேலையால் தூளி கட்டிப் போடுவார்கள். நடக்கத் தொடங்கிய பிள்ளை தூளியில் கிடக்காது. அதை ஏழெட்டு வயது அக்காவிடம் விட்டுப் போவார்கள். என் தம்பி மூன்று வயதில் படித்துறையில் வழுக்கி வாய்க்காலுக்குள் போனபோது அவனைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். எனக்கு எட்டு வயது. துணி துவைத்துக்கொண்டிருந்த பெரியம்மா ஒருவர் தலைமுடியைப் பிடித்துத் தூக்கிவிட்டார். அம்மா வயலிலிருந்து ஓடி வந்து என்னை அடித்தார். ராத்திரி என்னையே கட்டிக்கொண்டு அழுதார்.

பிள்ளை வளர்ப்பை நாட்டுக்கு நாடு ஒப்பிடும்போது பேச்சு பெரும்பாலும் குணத்தில் போய் நிற்கும். அவர்கள் செல்லம் கொடுத்து வளர்ப்பார்கள், இவர்கள் கண்டிப்பு, அந்த ஊர்ப் பிள்ளைகள் அடக்கம், நம்ம பிள்ளைகள் வாலு. எனக்கு இந்தப் பேச்சில் நம்பிக்கை குறைவு. வங்காளத்து அம்மாவும் யாழ்ப்பாணத்து அம்மாவும் டெல்டா அம்மாவும் பிள்ளைமேல் வைத்திருக்கும் உயிர் ஒன்றுதான். அம்மா பக்கத்தில் இல்லாத நேரத்துக்கு அந்தந்த நாடு என்ன ஏற்பாடு செய்து வைத்தது, எந்த வயதில் வந்து பிள்ளையின் கையைப் பிடித்தது என்று பார்த்தால், குணம் என்று நாம் நினைப்பதில் பாதி அங்கிருந்து வந்தது என்பது தெரியும்.

நம்மைப் போலவே ஆற்றுமுகத்தில் வாழும் வங்கதேசத்தை முதலில் பார்க்கலாம். கங்கையும் பிரம்மபுத்திராவும் மேக்னாவும் சேர்ந்து கொட்டிய மண் அது. வெள்ளம் வரும் பூமி என்பதால் வீட்டை மேடாக்கித்தான் கட்டுவார்கள். மேட்டுக்கு மண் எடுத்த இடம் குளமாகும். ஆக, வீடு இருக்கும் இடத்தில் வாசலை ஒட்டிக் குளம் ஒன்றும் இருக்கும். பாத்திரம் கழுவுவது, குளிப்பது, மீன் வளர்ப்பது எல்லாம் அதில்தான். தவழும் குழந்தைக்கு அதுவே எமன்.

ஒரு காலத்தில் அந்த நாட்டில் பிள்ளைகளை அதிகம் கொண்டுபோனது வயிற்றுப்போக்கு. 1980 முதல் பத்து ஆண்டுகள் பிராக் என்ற தொண்டு நிறுவனத்தின் பெண்கள் கிராமம் கிராமமாக, வீடு வீடாகப் போய், ஒரு கோடிக்கும் மேலான வீடுகளில் அம்மாக்களுக்கு ஒரே பாடத்தைச் சொல்லிக்கொடுத்தார்கள்: மூன்று விரலால் எடுத்த சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அளந்த தண்ணீர். ஆஸ்பத்திரி இல்லாத ஊரிலும் அம்மா தன் கையாலேயே பிள்ளையைக் காப்பாற்றக் கற்றுக்கொண்டாள். தடுப்பூசியும் பரவியது. நோயால் சாகும் பிள்ளைகள் குறையக் குறைய, அதுவரை கணக்கில் மறைந்து கிடந்த இன்னொரு சாவு மேலே தெரிந்தது. ஒன்று முதல் நான்கு வயது வரையான பிள்ளைகளின் சாவுக்கு நீரில் மூழ்குவது முன்னணிக் காரணமாக நின்றது. எங்கே, எப்போது என்று விசாரித்தவர்களுக்குக் கிடைத்த விடை எங்கள் அப்பாயிக்கு முன்பே தெரிந்ததுதான். வீட்டுக்குச் சில அடி தூரத்தில், காலை வேலை மும்முரத்தில், அம்மா அடுப்படியிலோ வயலிலோ இருக்கும் நேரத்தில்.

அதற்கு அவர்கள் கண்ட வழி எளிமையானது. கிராமத்திலேயே ஒரு பெண்ணுக்குப் பயிற்சி கொடுத்து, அவள் வீட்டின் ஓர் அறையில் அக்கம்பக்கத்துச் சிறு பிள்ளைகள் இருபது இருபத்தைந்து பேரை வைத்துக்கொள்ளச் செய்தார்கள். ஒன்று முதல் ஐந்து வயது வரை. நேரம் காலை 9 முதல் மதியம் 1 வரை. பாட்டு, கதை, படம். அந்தப் பெண்ணை 'ஆஞ்சல் மா' என்று அழைக்கிறார்கள். ஆஞ்சல் என்றால் வங்க மொழியில் சேலை முந்தானை. பெயரிலேயே எல்லாம் இருக்கிறது. அம்மாவின் முந்தானை எட்டாத அந்த நாலு மணி நேரத்துக்கு ஊர் ஒரு முந்தானையை நீட்டுகிறது. கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு, குளத்திலேயே மூங்கில் மேடை கட்டி நீச்சல் கற்றுக்கொடுக்கிறார்கள். தொண்டு நிறுவனங்கள் தொடங்கிய இந்த வேலையை 2022இல் வங்கதேச அரசே எடுத்து, 8,000 மையங்கள் அமைக்கும் திட்டமாக அறிவித்தது. ஐக்கிய நாடுகள் சபையில் அயர்லாந்தோடு சேர்ந்து தீர்மானம் கொண்டுவந்து, ஜூலை 25ஐ நீரில் மூழ்குவதைத் தடுக்கும் உலக நாளாக 2021இல் அறிவிக்க வைத்ததும் அந்த நாடுதான். நம்மைவிட ஏழை நாடு என்று பேசப்பட்ட ஊர் அது. எனக்கு அதைப் படித்தபோது தம்பியின் தலைமுடியும் அந்தப் பெரியம்மாவின் கையும்தான் ஞாபகம் வந்தன.

நம் டெல்டாவில் நீச்சல் கற்றுக்கொள்ள ஏற்பாடு என்று எதுவும் கிடையாது. காய்ந்த சுரைக்குடுக்கையை இடுப்பில் கட்டி, இல்லையென்றால் வாழைமரத் துண்டைப் பிடிக்கச் சொல்லி, மாமாவோ சித்தப்பாவோ இறக்கிவிடுவார்கள். பெண் பிள்ளைகளுக்கு அதுவும் பத்து வயதோடு சரி. மணல் அள்ளிய பள்ளம் கிடக்கும் கொள்ளிடத்தில் அந்தப் பழைய நீச்சலும் உதவாது. முழங்கால் தண்ணீரில் நடந்தவன் அடுத்த அடியில் காணாமல் போவான். ஆடிப்பெருக்கன்று சப்பரம் இழுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போகும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மகிழ்ச்சியும் வயிற்றுக் கலக்கமும் சேர்ந்தே வருகின்றன.

ஆனால் நம் பக்கம் செய்த பெரிய காரியம் ஒன்று உண்டு. அது சோறு. 1950களின் நடுவில் காமராஜர் தொடங்கிய மதிய உணவும், 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும் இல்லாமல் டெல்டாவின் குழந்தைப் பருவத்தைப் பேசவே முடியாது. நெற்களஞ்சியம் என்று பெயர். அந்த நெல்லை நட்டவள் வீட்டில்தான் மதியம் அடுப்பு எரியாது. எம்.ஜி.ஆர். திட்டம் பள்ளிப் பிள்ளைகளோடு நிற்காமல் இரண்டு வயதுப் பிள்ளையையும் பால்வாடிக்குள் கொண்டுவந்தது. விதவைகளுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் அமைப்பாளராக, சமையலராக, ஆயாவாக வேலை கொடுத்தது. அம்மா நடவுக்குப் போகலாம், பிள்ளை பட்டினி கிடக்காது, இன்னொரு தாய்க்கும் சம்பளம் வரும். இவ்வளவையும் ஒரே அண்டாவில் வேகவைத்த திட்டம் அது. முட்டை பிறகு சேர்ந்தது.

விட்டுப்போன ஒரு வேளையை 2023 ஆகஸ்ட் 25 அன்று நிரப்பினார்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தமிழ்நாடு முழுக்க விரிந்தது அன்றுதான். தொடங்கிய இடம் நாகப்பட்டினம் மாவட்டம் திருக்குவளைப் பள்ளி. எங்கள் ஊருக்குக் கூப்பிடு தூரம். காலை ஏழு மணிக்கெல்லாம் வேலைக்கு இறங்கும் அம்மாக்களுக்கு அந்த உப்புமாவும் பொங்கலும் என்ன என்பதைத் தட்டை எண்ணிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இருந்தாலும் ஓர் ஓட்டை இருக்கிறது. இரண்டு வயதுக்குக் கீழே நம்மிடம் பரவலான ஏற்பாடு இல்லை. அங்கன்வாடி அந்தக் குழந்தைக்குச் சத்துமாவு கொடுக்கும், எடை பார்க்கும், ஊசிக்குச் சொல்லி அனுப்பும். வைத்துக்கொள்ளாது. 2005இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டம், வேலையிடத்துக்கு ஆறு வயதுக்கு உட்பட்ட ஐந்து பிள்ளைகள் வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நியமித்து அவளுக்கும் கூலி கொடுக்க வேண்டும் என்று எழுதியது. அருமையான விதி. எங்கள் பக்கம் ஏரிக்கரையில் நான் பார்த்தது என்னவோ கருவை நிழலில் கட்டிய தூளிதான்.

பிள்ளையை அடுத்தவரிடம் ஒப்படைப்பது நம்பிக்கையில் நடக்கும் காரியம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையல்கூடத்துத் தீ கூரையில் பிடித்து 94 குழந்தைகளைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கீற்றுக் கொட்டகைகள் இறங்கின. அந்த வருடம் டெல்டாவில் எத்தனையோ அம்மாக்கள் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கட்டடம் எப்படி இருக்கிறது, எத்தனை கதவு, பார்த்துக்கொள்பவள் யார் என்பதெல்லாம் பிள்ளை வளர்ப்பின் பகுதி என்று அன்று ஊர் கற்றுக்கொண்டது. கற்றுக்கொள்ளக் கொடுத்த விலையை நினைத்தால் இன்றும் எழுத்து நடுங்குகிறது.

இப்போது இலங்கை. எங்கள் தெருவுக்கு மருமகளாக வந்த யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருக்கிறார். அவருடைய பிரசவத்துக்கு அவர் அம்மா காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பலில் வந்தார். 2023 அக்டோபரில் தொடங்கிய கப்பல் போக்குவரத்து நாலு மணி நேரத்தில் இரண்டு கரையையும் சேர்த்துவிடுகிறது. அந்த அம்மா, பிள்ளை பெற்றவளுக்குச் சமைத்துப் போடும் சரக்குத்தூளோடு வந்து இறங்கினார். குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள் காலையிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தவர், கடைசியில் கேட்டுவிட்டார்: "பிள்ளை, மருத்துவமாது இன்னும் வரேல்லையோ?"

அவர் கேட்டதில் ஒரு நாட்டின் நூறு வருடச் சரித்திரம் இருக்கிறது. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியதிலிருந்து, வீடு தேடி வரும் மருத்துவமாது இலங்கைக் குடும்பத்தில் ஓர் ஆள். இப்போது குடும்பநல உத்தியோகத்தர் என்று பெயர். சுமார் மூவாயிரம் பேருக்கு ஒருவர். கல்யாணமாகி வந்த பெண்ணைப் பதிவு செய்வது, கர்ப்பத்தில் வந்து பார்ப்பது, பிள்ளை பிறந்ததும் வீட்டுக்கே வந்து பால் குடிக்கிறதா, கொப்பூழ் காய்ந்ததா என்று பார்ப்பது எல்லாம் அவர் வேலை. 1973 முதல் திரிபோஷா என்ற சத்துமாவும் அந்த வழியாகவே வருகிறது. நம் கிராமச் சுகாதாரச் செவிலியரும் நல்ல வேலைதான் செய்கிறார். ஆனால் அவர் தலையில் ஐயாயிரம் பேர், கூடவே கணினிப் பதிவு, முகாம். இலங்கையில் சிசு மரணம் ஆயிரத்துக்கு ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. 2020இல் தமிழ்நாட்டின் கணக்கு 13, இந்தியாவின் கணக்கு 28. தமிழ்நாட்டு அரசு பிள்ளையின் தட்டில் கை வைத்தது. இலங்கை அரசு தாயின் பாயருகே வந்து உட்கார்ந்தது.

அந்த அம்மாவிடம் இன்னும் பல கேட்டுத் தெரிந்துகொண்டேன். நாம் தூளி என்பது அவர்களுக்கு ஏணை. முதல் பல் முளைத்ததும் பிள்ளையை உட்காரவைத்துத் தலையில் கொழுக்கட்டை கொட்டுவார்கள், பல்லுக்கொழுக்கட்டை என்று அதற்குப் பெயர். பிள்ளையைப் பன்மையில் அழைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு: "வாங்கோ, சாப்பிடுங்கோ." நம் "வாடா தங்கம்" என்பதிலும் பாசம் குறையவில்லை. என்றாலும், ஐந்து வயதுப் பிள்ளையிடம் ஒரு பெரியவர் 'நீங்கள்' என்று பேசுவதைக் கேட்கும்போது எனக்கு உள்ளே ஏதோ நிமிர்கிறது. அப்புறம் பால்மா. நமக்குப் பசும்பாலும் ஆவின் பாக்கெட்டும் எப்படியோ, அவர்களுக்கு மாப்பால் அப்படி. அது வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரவேண்டும். 2022இல் டாலர் தீர்ந்தபோது பால்மாவுக்கு வரிசையில் நின்றதைச் சொல்லும்போது அந்த அம்மாவின் குரல் மாறியது. அந்த மே மாதத்திலிருந்து தமிழ்நாடு தவணை தவணையாக அனுப்பிய நிவாரணத்தில் அரிசியோடும் மருந்தோடும் 500 டன் பால் பவுடரும் இருந்ததற்குக் காரணம் இதுதான்.

பள்ளிக்கூடத்தில் இரண்டு நாடும் எதிர் எதிர்த் திசையில் போயின. இலங்கையில் கல்வி அமைச்சராக இருந்த கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் மழலை வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமானது. 1961இல் வந்த சட்டம் புதிய தனியார் பள்ளிகளுக்குக் கிட்டத்தட்டக் கதவை மூடியது. பாடநூல் 1980 முதல் இலவசம். ஆக, பெரும்பாலான பிள்ளைகள் ஐந்து வயதில் ஒரே வகை வாசல் வழியாகத்தான் உள்ளே போகிறார்கள். நம்மூரில் மூன்று வயதிலேயே வாசல் பிரிந்துவிடுகிறது. மெட்ரிக் பள்ளி வேன் வந்து சில பிள்ளைகளை எல்.கே.ஜி.க்கு ஏற்றிக்கொண்டு போகும், மற்றவை பால்வாடிக்குப் போகும்.

ஆனால் இலங்கையில் பத்து வயதில் காத்திருக்கிறது ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை. கிராமத்து ஏழைப் பிள்ளையைக் கண்டெடுத்து நல்ல பள்ளிக்கு அனுப்பத்தான் அது பிறந்தது. இன்று அது அம்மாக்களின் பரீட்சையாகிவிட்டது. நாலாம் ஆண்டிலிருந்தே ரியூசன், கடந்தகால வினாத்தாள், வெட்டுப்புள்ளி என்கிற கட்-ஆஃப் மதிப்பெண்ணுக்குப் பயம். மாவட்ட வெட்டுப்புள்ளிக்கு ஒரு புள்ளி குறைந்த பிள்ளையின் முகத்தை அந்த யாழ்ப்பாணத்து அக்கா விவரித்தபோது, அது அவரே என்பது எனக்குப் புரிந்தது. வங்கதேசமும் 2009 முதல் 2019 வரை ஐந்தாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு நடத்தியது, பிறகு நிறுத்தியது. தமிழ்நாட்டில் 2019 செப்டம்பரில் ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியது. 2020 பிப்ரவரியில், தேர்வு நடக்கும் முன்பே கைவிட்டார்கள். அது நடந்திருந்தால் முதலில் பள்ளியை விட்டு நிற்பது யார் என்று கடைமடையில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். ஆடு மேய்க்கக் கொத்தடிமையாக விடப்பட்ட சிறுவர்களை மீட்ட செய்தி இன்னும் வருகிற மாவட்டங்கள் இவை.

அடி விஷயத்தில் மூவருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. "முருங்கையை ஒடிச்சு வளர், பிள்ளையை அடிச்சு வளர்" என்பதை நாமும் சொல்கிறோம், கம்பு எந்தக் கரையிலும் முறிகிறது. பள்ளியில் அடிக்கக்கூடாது என்று இந்தியாவில் சட்டமும் இலங்கையில் சுற்றறிக்கையும் இருக்கின்றன. வீட்டிலும் அடிக்கக்கூடாது என்று தெற்காசியாவில் முதலில் சட்டம் போட்டது நேபாளம், 2018இல்.

இலங்கையிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. நம் டெல்டாவில் வெளிநாடு போவது அப்பா. சிங்கப்பூர், துபாய், குவைத். அங்கே பல குடும்பங்களில் போவது அம்மா. வளைகுடா வீடுகளில் அடுத்தவர் பிள்ளையைத் தூக்கி வளர்க்கப் போகிறாள், அவள் பிள்ளையை அம்மம்மா வளர்க்கிறாள். 2013இல் அரசு ஒரு விதி கொண்டுவந்தது. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை இருந்தால் தாய் வீட்டுவேலைக்கு வெளிநாடு போகக்கூடாது, குடும்பப் பின்னணி அறிக்கை வேண்டும். பொருளாதாரம் விழுந்த 2022இல் அந்த வயதை இரண்டாகக் குறைத்தார்கள். பிள்ளையின் நலம் என்றுதான் சொன்னார்கள். ஆனால் அப்பாவை யாரும் அறிக்கை கேட்கவில்லை. என் தங்கையின் கணவர் குவைத்துக்குப் போனபோது பிள்ளைக்கு எட்டு மாதம். பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்று எந்த அலுவலகமும் அவரைக் கேட்கவில்லை. இரண்டு நாடும் எவ்வளவோ செய்தன, அப்பாவைக் கேட்க மட்டும் மறந்தன.

இலங்கையின் தேயிலைத் தோட்டங்கள் இருக்கும் மலையகத்தைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது. தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கங்காணி பின்னால் போனவர்களின் வழிவந்தவர்கள் அங்கே கொழுந்து எடுக்கிறார்கள். தோட்டத்தில் 'பிள்ளை மடுவம்' உண்டு. மலைக்குப் போகும்முன் தாய் கைக்குழந்தையை விட்டுப் போகும் இடம். துரைமார் அதைப் பாசத்தில் தொடங்கவில்லை, அவளுடைய பத்து விரலும் கொழுந்துக்கு வேண்டியிருந்தது. ஆனாலும் டெல்டாவில் இன்றுவரை இல்லாத ஒன்று, இரண்டு வயதுக்குக் கீழான பிள்ளைக்கு ஓர் இடம், அவர்களுக்குக் கிடைத்தது. இடம் கிடைத்தது, சோறு போதவில்லை. 2016 கணக்கெடுப்பில் வயதுக்கேற்ற உயரம் வளராத சிறு பிள்ளைகள் இலங்கை முழுவதற்கும் 17 சதவீதம், தோட்டங்களில் 32 சதவீதத்துக்கு அருகில். மடுவமும் சத்துணவு அண்டாவும் மருத்துவமாதுவும் ஒரே ஊரில் இருந்திருந்தால் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. கடலின் இரண்டு பக்கமும் தேடினாலும் அப்படி ஓர் ஊர் இல்லை.

இப்போது எங்கள் பக்கம் நடவுக்கு மேற்கு வங்கத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். கயிறு பிடித்து வரிசையாக நட்டுக்கொண்டு போவார்கள், வேகம் அசரவைக்கும். போன சம்பாவில் எங்கள் வயலுக்கு வந்தவர்களில் கொஞ்சம் தமிழ் பேசும் ஓர் ஆளிடம் கேட்டேன், ஆஞ்சல் என்றால் என்ன என்று. அவர் தோளில் கிடந்த துண்டின் நுனியை எடுத்து, தலையில் போட்டு, பிறகு ஒரு குழந்தையின் வாயைத் துடைப்பதுபோலச் செய்து காட்டினார். ஊரில் இரண்டு வயதுப் பையன் இருக்கிறானாம். வீட்டு வாசலில் குளமாம். "யாரு பாத்துக்கிறா?" என்றேன். அவன் அம்மா பீடி சுற்றுகிறாள், பாட்டி பார்த்துக்கொள்கிறாள், வாசலில் மூங்கில் தட்டி கட்டியிருக்கிறோம் என்றார். மதியச் சாப்பாட்டுக்குக் கரையேறியதும் அவர் முதலில் எடுத்தது போனைத்தான். படத்தில் பாட்டி வந்தார். அவர் கேட்டது எனக்கு மொழி தெரியாமலேயே புரிந்தது. பாட்டி போனைத் திருப்பிக் காட்டினார். தட்டி கட்டியிருந்தது, அதற்கு உள்பக்கம் நின்று பையன் மூங்கிலைக் கடித்துக்கொண்டிருந்தான்.